மாடியில் மாட்டிய வருகை மெஷின்

இது நடந்த கதை. ஒரு சொல் பொய் கிடையாது. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன். தலையில் ஹெல்மெட் இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் இரும்புப் படிகள் பதினான்குதான். போன மாதம் ஒருவரிடம் இருபது என்றேன். அடுத்த முறை சிமெண்ட் லாரி வரத் தாமதமானால், சொல்லச் சொல்ல முப்பதைத் தொட்டுவிடும். மற்றபடி எல்லாம் உண்மை.

நான் கலவை மெஷின் ஓட்டுகிறவன். அன்றைக்கு லாரிக்காகக் காத்திருந்தபோது எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார், கிரேன்காரர், கேட்டில் காவலுக்கு இருக்கும் அம்மா. மூவரும் இந்தக் கட்டடத்துக்குப் புதியவர்கள். தூரத்தில் தரையோடு தரையாக உட்கார்ந்து கம்பி வளைத்துக்கொண்டிருந்த பெண் யார் என்று கேட்டார்கள். சொன்னேன்.

அவர் ரிங் அக்கா. தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றிச் சட்டம் மாதிரி மாட்டுகிறோமே, அதுதான் ரிங். அதை வளைப்பது அவர் வேலை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் வலது கால் சூம்பிவிட்டது. நடப்பதெல்லாம் கட்டையை ஊன்றித்தான். காலுக்குப் போக வேண்டிய பலமும் சேர்ந்து கைக்கே போய்விட்டது. ஒருமுறை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மூன்று நாள் இடது கையால் சாப்பிட்டேன்.

அவருடைய தம்பி கம்பி வேலைக்காரர். இங்கே வரும்வரை பத்து வருஷமாக அக்கா வீட்டில் உட்கார்ந்து ரிங் வளைப்பார், தம்பி கொண்டுபோய்த் தன் பேரில் கொடுப்பார். ஊரில் பாதிக் கட்டடம் அக்கா வளைத்த ரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அக்காவின் பேர் மட்டும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. தன் பேரில் ஒரு தொழிலாளர் அட்டை வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குத் தொண்ணூறு நாள் வருகை காட்ட வேண்டும்.

இப்போது நாம் கட்டும் இந்த ஆஸ்பத்திரி அரசாங்கப் பணத்தில் எழும்புவது. நூறு ஆளுக்கு நாலு பேர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. சூப்பர்வைசர் நாலு பேரைச் சேர்த்தார். கூடவே நாலு நாற்காலியும் வாங்கினார்.

"நீங்க சும்மா உக்காந்திருந்தா போதும்க்கா. அதிகாரி வந்தா சிரிங்க."

"சிரிக்கறதுக்கு எதுக்கு சார் கட்டடம்? வீட்லயே சிரிப்பேனே."

அக்கா நாற்காலியில் சோற்று டப்பாவை உட்காரவைத்தார். தான் கீழே, கம்பி வளைக்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

சிக்கல் மெஷினில் வந்தது. விரல் வைத்தால் வருகை பதியும் புது மெஷின். தூசி படக்கூடாது என்று சூப்பர்வைசர் அதைத் தன் மாடி அறையில் மாட்டினார். ஏறிப்போகப் பதினான்கு இரும்புப் படி, ஆள் நடந்தாலே ஆடும். நாங்கள் கட்டும் ஆஸ்பத்திரிக்கு ஏழு இடத்தில் சாய்தளம் வரைந்திருந்தது. எங்கள் ஆபீசுக்கு ஒன்றுகூட இல்லை.

இங்கேயே வேலை பார்க்கும் அவர் தம்பி, "வா, தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

"நான் என்ன சிமெண்ட் மூட்டையா? போடா. மெஷின இறக்கச் சொல்லு."

"ஒயர் எட்டாதுக்கா," என்றார் சூப்பர்வைசர். "நோட்டுல நான் தினமும் எழுதிடறேன். விடுங்க."

எண்பத்தாறு நாள் எழுதினார். எண்பத்தேழாம் நாள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். நோட்டைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார்.

"நோட்டுல எண்பத்தாறு நாள் இருக்கு. மெஷின்ல ஒரு நாள்கூட இல்ல. அப்போ ஆளே வரலியா?"

"ஐயோ, தினமும் வராங்கம்மா! மேல ஏறத்தான் முடியாது..."

சொன்ன பிறகுதான் சூப்பர்வைசர் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாக்கு துண்டாகி விழுந்தது என்று சொல்வேன், நம்பமாட்டீர்கள்.

அதிகாரி கீழே இறங்கி வந்தார். அக்கா வணக்கம் சொல்லிவிட்டு ஒரு ரிங்கை வளைத்து நீட்டினார். அதிகாரி டேப்பை மூலைக்கு மூலை வைத்து அளந்தார். இரண்டு குறுக்கும் ஒரே அளவு, துளிக் கோணல் இல்லை.

"நோட்டுல உங்களை 'உதவியாளர், உட்கார்ந்த பணி'ன்னு எழுதியிருக்கு. எழுதினத மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா. அப்படியே ஒத்துக்கலாம், இல்ல கோடு போட்டு அடிச்சிடலாம். ஒத்துக்கிட்டா இன்னும் நாலு நாள்ல உதவியாளர்னு அட்டை வந்துரும். அடிச்சா, மெஷின் கீழ வரும், கம்பி வளைப்பவர்னு இன்னையிலேர்ந்து ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும்."

தம்பி பின்னாலிருந்து, "ஒத்துக்க, ஒத்துக்க" என்று கை காட்டினார்.

அக்கா கம்பியைக் கீழே வைத்தார். "அடிச்சிருங்க மேடம். உக்காந்ததுக்கு எனக்கு அட்டை வேணாம்."

சாயங்காலத்துக்குள் எட்டாத ஒயர் எட்டிவிட்டது. மெஷின் இப்போது அக்காவின் பலகைக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்தபடி விரல் வைக்கும் உயரத்தில் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் குனிந்து வைக்கிறோம். இன்றைக்கு அவருக்கு முப்பத்தொன்றாம் நாள்.

சொல்லி முடித்தேன். கொத்தனார் விரல் விட்டுக் கணக்குப் போட்டார்.

"மொட்டைமாடி கான்கிரீட் போட்டா கம்பி வேலை முடிஞ்சுது. அதுக்கு அம்பது நாள்கூட இல்ல. தொண்ணூறு எங்கேர்ந்து வரும்? கைக்கு வந்தத விட்டுட்டாங்களே, பைத்தியம்!"

"யாரப் பாத்துப் பைத்தியம்ங்கற?" என்று கிரேன்காரர் எழுந்தார். "உன்ன எடுபிடின்னு எழுதினா நீ வாங்கிப்பியா?"

"அட்டை குடுத்தா வாங்கிப்பேன்யா!"

"அதான் உன் சுவரெல்லாம் கோணலா நிக்குது!"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க," என்று காவல் அம்மா குறுக்கே வந்தார். "தப்பு பண்ணது சூப்பர்வைசர். எண்பத்தாறு நாள் போனது அந்தப் பொண்ணுக்கு. இது என்ன நியாயம்?"

"நியாயம் பேசறியே, காலையில அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு என்ன வெளியில நிறுத்தல?" என்றார் கொத்தனார்.

"அஞ்சு நிமிஷமா? அரை மணி நேரம்!"

கொத்தனார் கரண்டியைத் தரையில் எறிந்தார். கிரேன்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டார். நான் கலவை மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.