மீட்டர் முள் அசையாத குக்கர்

போன வருடம் சாரல் நேரத்தில், ஒரு சனிக்கிழமை பகலில், எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருந்த பெரிய குக்கரின் மூடி பறந்து கூரைத் தகரத்தில் இடித்தது. அதற்கு ஒரு வினாடி முன்புவரை அந்த மூடிமேல் குனிந்திருந்தவள் என் மகள் கோமதி.

இலஞ்சியில் பதினோரு வருடமாக வீட்டிலேயே காளான் வித்து தயாரித்து விற்கிறேன். படித்தது தாவரவியல். இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்கள் ஃபோனில் என்னைக் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன விசில் வைக்கணும்க்கா?" இது சாம்பார் அல்ல, விசில் கணக்கு கிடையாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனால் அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

1. பச்சை படிந்த ஜார்

எல்லாம் அச்சன்புதூர் அண்ணாச்சி ஒருவரின் ஃபோனில் தொடங்கியது. என்னிடம் இருபது ஜார் வித்து வாங்கிப் போனவர்.

"தங்கச்சி, ஒங்க வித்து பூராவும் பச்சையா பூத்துப் போச்சே!"

"எங்கன வச்சிருந்திய அண்ணாச்சி?"

"வீட்டுக்குள்ளதாம்மா. தெனமும் ஜார் வாயில இருக்க பஞ்ச எடுத்துட்டு உள்ள பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

"தெனமுமா? பஞ்ச எடுக்கவே கூடாதுன்னு சொன்னேம்லா!"

"எடுக்காம வளருதா இல்லியான்னு எப்பிடித் தெரியும்?"

"கண்ணாடி ஜார் அண்ணாச்சி! வெளிய இருந்தே தெரியும்லா!"

"அதுவும் சரிதான். ஆனா காளானுக்குப் படுக்க போட வைக்கோல அவிச்சு வச்சாச்சே. இப்ப என்ன செய்யட்டும்?" என்றார். அவரை வரச் சொல்லி, என்னிடம் தயாராக இருந்த வித்தைக் கொடுத்து அனுப்பினேன். அது வேறொருவருக்கு வைத்திருந்தது. அதை ஈடுகட்டத்தான் அந்தச் சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஈடு போட முடிவு செய்தேன்.

2. காயாத சோளம்

புதியவர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். சோளத்தை இரவு ஊறவைத்து, மறுநாள் அரை வேக்காட்டில் இறக்க வேண்டும். தோல் வெடித்தால் குழைந்து கட்டியாகிவிடும். தண்ணீரை வடித்து, துணியில் பரப்பி, மேல் ஈரம் போகும்வரை ஆற வைக்க வேண்டும். பிறகு கால்சியம் கார்பனேட் தூள் கலந்து, ஜாரில் முக்கால் அளவு நிரப்பி, வாயைப் பஞ்சால் அடைத்து, அதன்மேல் காகிதம் சுற்றி ரப்பர் பேண்ட் போட வேண்டும். குக்கரில் பதினைந்து பவுண்டு அழுத்தத்தில் ஒன்றரை மணி நேரம். தானாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். அதற்குப் பிறகே அந்தச் சோளத்தில் காளானின் தாய் வித்தைச் சேர்த்து வளர விட வேண்டும்.

சாரல் காலத்தில் சோளம் காயாது. முதல் ஈடு, இருந்த ஒரே பெரிய குக்கரில் ஏறியிருந்தபோது இரண்டாம் ஈட்டுக்கான சோளம் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே கிடந்தது. கையால் துழாவினால் பிசுபிசுப்பு. பத்து மணிக்கே லேசான புளிப்பு வாடை. புளித்துவிட்டால் எவ்வளவு வேக வைத்தாலும் வித்து நன்றாக வராது. நான் அதைக் கிளறிக்கொண்டே பின்கட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அங்கே குக்கர் அருகில் கோமதி. கல்லூரி விடுமுறைக்கு வந்தவள்.

எங்கள் குக்கரில் அழுத்தம் காட்டும் மீட்டர் பழுதாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. முள் பூஜ்யத்திலேயே நிற்கும். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் கணவர் மூன்று முறை சொன்னார், "ஏளா, அந்த மீட்டர மாத்திருவோம்." நான் மூன்று முறையும் சொன்னேன், "எனக்கு சத்தத்த வச்சே தெரியும்."

மகளுக்கும் அதையேதான் கற்றுக்கொடுத்திருந்தேன். வெயிட் உஸ்ஸென்று ஆடினால் அழுத்தம் இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகு வெயிட்டைக் கரண்டியால் தூக்கிப் பார், ஆவி வராவிட்டால் திறக்கலாம். பதினோரு வருடம் எனக்குப் பலித்த முறை.

3. ஆவி வரவில்லை

நேரம் முடிந்ததும் அணைக்கச் சொன்னேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

"ஏட்டி, இன்னுமா தொறக்கல? இங்க சோளம் புளிச்சிட்டு வருது!"

"சூடா இருக்கும்மா."

"வெயிட்டத் தூக்கிப் பாரு."

"தூக்கிட்டேன். ஆவியே வரல."

"அப்ப எறங்கிருச்சு. திருகக் கழத்து."

மூடியை இறுக்கும் ஆறு திருகில் ஐந்தைக் கழற்றியிருக்கிறாள். "துணியப் போட்டுப் பிடிட்டி, கைய சுட்டுக்கிடாத" என்று நான் கத்தியதற்கு, "கத்தாதம்மா!" என்று என் பக்கம் திரும்பியிருக்கிறாள். அப்போதுதான் அந்தச் சத்தம்.

நான் போனபோது தரையெல்லாம் சோளமும் கண்ணாடியும். கோமதி சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் காயம் ஒன்றுமில்லை. இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவந்து தோல் சுருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் பல் விளக்கும் பேஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எல்லையில் இருபது வருடம் காவல் காத்த மனிதர்! நான் டியூபைப் பிடுங்கி எறிந்தேன். கோமதியின் கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்திருந்தோம். பிறகு தென்காசிக்கு ஆட்டோ.

மாலையில் அவர் மூடியைத் திருப்பிக் காட்டினார். ஆவி வெளியேறும் குழாயின் அடிவாயில் ஒரு துண்டு நாளிதழ், அப்பளம்போல ஒட்டியிருந்தது. ஏதோ ஒரு ஜாரில் ரப்பர் பேண்ட் அறுந்து, காகிதம் ஆவியோடு மேலேறிக் குழாயை அடைத்திருக்கிறது. அடுப்பை அணைத்ததும் வெயிட் சத்தம் அடங்கியதை அழுத்தம் குறைந்ததாக நான் எடுத்துக்கொண்டேன். ஆவி வராததற்கும் அதே அர்த்தம் செய்துகொண்டேன். முள் ஒழுங்காக வேலை செய்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும்.

4. ஆஸ்பத்திரியில்

கட்டுப் போட்ட நர்ஸ் கோமதியைத்தான் திட்டினார். "காலேஜ் படிக்கிற புள்ளைக்கு, ஆறுறதுக்கு முன்ன குக்கரத் தொறக்கக் கூடாதுன்னு தெரியாதா?"

கோமதி என்னைப் பார்க்கவில்லை. "அம்மா சொன்ன மாதிரிதான் பாத்தேன் சிஸ்டர். ஆவி வரல" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அவள் சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். வழக்கம்போல என் கணவர் மட்டும், "நான் மூணு தடவ சொன்னேன்" என்று ஆட்டோவில் ஏறும்வரை மூன்று தடவை சொன்னார்.

எனவே தங்கைகளே, ஓடாத மீட்டரோடு அடுப்பை மூட்டாதீர்கள். காகிதத்தை ரப்பர் பேண்டால் அல்ல, நூலால் இறுக்கிக் கட்டுங்கள். குழாயில் கம்பியை விட்டுப் பார்த்த பிறகே மூடியைப் போடுங்கள். முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் விடுங்கள். வெறுங்கையை மூடியில் வைக்க முடிந்தால்தான் திருகைத் தொட வேண்டும்.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். பயிற்சிக்கு வருபவர்களுக்கு நானே வகுப்பெடுத்த பாடம்தான். மற்றவர்களுக்கு விதியைச் சொல்லிவிட்டு, வீட்டில் மகளுக்கு என் பழக்கத்தைக் கொடுத்தேன். பதினோரு வருடம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை.

கோமதி மறுபடியும் குக்கர் போடுகிறாள். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. "எப்ப தொறக்கணும்னு மட்டும் நீ சொல்லாதம்மா" என்றாள். நான் சொல்வதில்லை.