தண்ணீர்க் கிண்ணம்

அது எண்பத்தைந்தாம் வருஷம். அமெரிக்காவில், பேர்லேண்டில் இருந்தோம். பிறந்தநாளுக்கு மகள் கேட்டாளே என்று ஒரு பாம்புக்குட்டி வாங்கினேன். எலிதான் சாப்பிடும் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டுக்குள் முட்டையே வராது.

"எலியெல்லாம் வேணாம்மா. பால் வெச்சா குடிக்கும்," என்றேன் மகளிடம்.

கண்ணாடித் தொட்டிக்குள் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தைக் காலி பண்ணி, அதிலேயே பாலை ஊற்றினேன். தினமும் மாற்றினேன். பல நாள் அது தொடவில்லை. பிறகு ஒருநாள் குடித்தது.

"பாத்தியா, பசி வந்தா தானா குடிக்குது."

இரண்டு நாளில் செத்துப்போனது. மகள் அழவில்லை.

"டாட், இட் வாஸ் ஜஸ்ட் தர்ஸ்டி," என்றாள்.

பசி என்று நான் பெருமைப்பட்டது தாகம். கிண்ணத்தைக் கழுவினேன். தண்ணீர் நிரப்பி, காலிக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது.