உங்களுக்குத்தானுங்க ஓட்டு

கண்ணுகளா, எம்.பி. தேர்தல் சமயத்தில் சாயங்காலமானால் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு அப்பா எங்கே போகிறேன் என்று ரெண்டு பேரும் கேட்டீங்க. அப்போ சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போ எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சு, மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். தப்பிருந்தால் பொறுத்துக்கோங்க.

எல்லாம் அந்த ரயில்வே சுரங்கப்பாதைக்காகத்தான். கேட்டை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் வழி தோண்டினார்கள். நம்ம எம்.பி. வந்து ரிப்பன் வெட்டினார். அதற்கப்புறம் அவர் வரவில்லை, மழைத்தண்ணிதான் வருஷா வருஷம் வந்தது. அம்மணி, நீ அதுக்குள்ளே சைக்கிளோடு விழுந்து, கழுத்து வரைக்கும் நனைஞ்சு வந்தாயே, அதிலிருந்து மழை மாசம் பூரா உன்னை உடுமலையில் உங்கம்மாவைப் பெத்த அப்பிச்சி ஊட்டில் விட்டுவைத்தோம். அங்கிருந்துதான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனாய். தம்பி தினமும், "அக்கா எப்போ வரும்?" என்பான். தண்ணி வத்தட்டும் என்போம்.

எம்.பி.யை எதிர்த்து நின்ற வேட்பாளர் அம்மா ஓட்டுக் கேட்டு வந்த அன்று கோடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சுரங்கப்பாதையின் முழங்கால் தண்ணியில் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தார். "இதுக்கு என்னங்க செய்யோணும்?" என்று என்னிடம் கேட்டார். "ஒரு நல்ல மோட்டாரும் அடைக்காத வாய்க்காலும் இருந்தாப் போதுங்க" என்றேன். எழுதிக்கொண்டார். அன்றைக்கே நம்ம வீதிகளில் அவருக்கு ஓட்டுக் கேட்க நான்தான் ஆள் என்று ஒத்துக்கொண்டேன்.

வீடு வீடாகப் போனேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். "உங்களுக்குத்தானுங்க ஓட்டு, இதைக் கேட்கோணுமா?" என்றார்கள். நானும் அந்தந்த வீட்டுக்கு நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தேன். நோட்டைப் பார்த்தால் அந்தம்மா எங்கேயோ முன்னால் போய்விட்டார். டிவியிலும் அவர்தான் முன்னிலை என்றார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

உங்க மாமன் எம்.பி. பக்கம் வேலை செய்தது தெரியுமே. ஒருநாள் பேக்கரியில் டீ குடிக்கும்போது அவர் நோட்டும் என் நோட்டும் மேசைமேல் கிடந்தன.

"ஏனுங் மாப்ள, உங்களுக்கு எத்தனை வீடு தேறுச்சு?"

"முக்கால்வாசிங்க மச்சான்."

"அட! எனக்கும் முக்கால்வாசிதானுங்க!"

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதே வீடு, அதே டிக். மாமனுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிவிட்டது. "நம்மூர்க்காரன் ஊடு தேடி வந்தவனை இல்லைன்னு சொல்லி அனுப்புவானுங்களா? மோருக்குப் போய் டிக் போட்டிருக்கறோமே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போ நிஜமாக எத்தனை பேர்? அந்தம்மா தோற்றால் இன்னும் அஞ்சு வருஷம் மழைக்கு மழை, அம்மணி, நீ உடுமலையில்தானே?

மறுநாள் தேங்காய்நார் மில்லுக்குப் போகிற அக்கா ஒருத்தர் வழிமறித்தார். "மறுபடியும் வந்துட்டீங்களாக்கும்? அந்தம்மா ஜெயிச்சா மட்டும் தண்ணியைக் குடிச்சுப்போடுவாங்களா? மோட்டார் வெப்பீங்க, கரண்டு பில்லு ஆரு கட்டறது? சொல்லுங்க பாக்கலாம்!" அரைமணி நேரம் திட்டினார். மோரெல்லாம் இல்லை. நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஓட்டுப் போடுவதற்கு முன்னால் யோசிக்கிற மனுஷி இவர்தான்.

பழைய டிக்கையெல்லாம் அழித்தேன். மறுபடி போனபோது ஓட்டே கேட்கவில்லை. "அந்தம்மாகிட்ட என்ன கேட்கட்டுங்க?" என்று மட்டும் கேட்டேன். ஏதாவது கேட்டவர்களுக்கும் திட்டினவர்களுக்கும் டிக். நோட்டில் பாதிகூடத் தேறவில்லை. கட்சி ஆபீஸில் அதைப் பார்த்து, "என்னப்பா, மானத்தை வாங்கறே? எல்லா ஊரும் முன்னிலைன்னு வருது" என்றார்கள். ஆனால் அந்தம்மா நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, நம்ம வீதிகளுக்கு மட்டும் இன்னொரு தடவை நடந்தே வந்தார். மில் அக்காவிடம் நின்று திட்டு வாங்கினார். கரண்டு பில்லுக்குக் கலெக்டரிடம் எழுதிக் கேட்கிறேன், கிடைக்கும் என்று இப்போதே சொல்லமாட்டேன் என்றார். அக்கா உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். எனக்குப் பக்கென்றது. மோர் கொடுத்த வீட்டை நம்பித்தானே முதலில் ஏமாந்தேன்?

ஓட்டு எண்ணுகிற அன்று பேக்கரி டிவி முன்னால்தான் மாமனும் நானும். முதல் ரவுண்டில் எம்.பி. முன்னால் இருந்தார். அப்புறம் அந்தம்மா கொஞ்சம் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். மத்தியானத்துக்கு மேல் இறங்கவே இல்லை. பையன்கள் வெடி வைக்கப் போனார்கள்.

"இருங்க மாப்ள, இன்னும் ரவுண்டு கிடக்குது" என்றார் மாமன். பிறகு அவரே எனக்கு ஒரு பஃப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

வெளியே ஆனைமலைப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்தம்மா ஜெயித்தாலும் மோட்டார் ஒரு வாரத்தில் வராது.

டீயைப் பாதியில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சுரங்கப்பாதைக்கு வந்தேன். வாய்க்காலின் கம்பிவலை முழுக்கத் தென்னஞ்சருகும் சேறும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்து, கையாலேயே வாரி மேட்டில் போட்டேன். கடைசியாக ஒரு பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பிடித்து இழுத்தேன். தேங்கிக் கிடந்த தண்ணி சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது.