மூன்று படி கீழே

“...ரோட்ட மட்டும் அளந்துகினு போனா இன்னா மேடம் அர்த்தம்? தண்ணி வந்தா ரோடா வந்து கட்டிலு மேல ஏறிக் குந்துது? நாங்கதான குந்துறோம்.”

எதிர்வீட்டு இட்லிக்கார அக்கா இப்படி ஆரம்பித்தபோது நான் டீ கிளாஸோடு வாசலில் நின்றிருந்தேன். அக்கா வாயைத் திறந்தால் எங்கள் தண்டையார்பேட்டைத் தெருவில் டீ ஆறிப்போகும். யாருக்கும் அதில் வருத்தமில்லை.

மழையும் கடலும் இனி எங்கெங்கே ஊருக்குள் வரும் என்று நாடு முழுக்கப் பார்த்துக் குறிக்கிறார்களாம். அந்த வேலையாக எங்கள் தெருவுக்கு வந்தவர் ஒரு பெண் பொறியாளர். ஆள் உயர அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓர் உதவியாளர். வரைபடத்தில் சிவப்பாகும் தெருக்களுக்கு மழைக்கு முன்பே மோட்டாரும் புது வடிகாலும் வரும். பச்சைக்கு ஒன்றும் கிடையாது. அவர் கையிலிருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தேன். எங்கள் தெரு வாழைத்தோப்பு மாதிரி பச்சையாக இருந்தது.

போன மழையில் அக்காவின் கிரைண்டர் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. இன்னொரு தடவை நனைந்தால் எழுந்திருக்காது என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். கிரைண்டர் போனால் இட்லி போச்சு, இட்லி போனால் அந்த வீட்டில் அடுப்பு போச்சு.

பொறியாளர் கோபித்துக்கொள்ளவில்லை. ரோடு நல்ல உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் நிற்க வழியில்லை என்று அளவைக் காட்டி விளக்கினார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. ரோடு உயரம்தான்! பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு வளர்ந்த உயரம். நான் குடிவந்த புதிதில் அக்கா வீட்டுக்கு இரண்டு படி ஏறிப் போவேன். அந்தப் படிகளை ரோடு விழுங்கிவிட்டது. இப்போது மூன்று படி இறங்கிப் போகிறேன். இத்தனை வருடமாகக் காலுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான் வாய்க்கு வந்தது. கிளாஸைச் சுவர்மேல் வைத்துவிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், அக்கா வீட்டு வாசலைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்திலும் ஒரு பரபரப்பு ஏறியது. “வீட்டுத் தரையோட அளவையும் எடுத்தா கலர் மாறும்,” என்றார். “ஆனா வீட்டுக்குள்ள அளக்கச் சொல்லி எங்களுக்கு யாரும் சொல்லலையே.”

“இப்ப நான் சொல்றேன்,” என்றாள் அக்கா.

உதவியாளர் கையிலிருந்த அளவுகோலைப் பிடுங்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று படி இறங்கினாள். கிரைண்டருக்குப் பக்கத்தில், வாசல் வழியாக எங்களுக்குத் தெரிகிற மாதிரி, அதைத் தரையில் ஊன்றி ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.