செத்தவீட்டில் நான் பூட்டிய கதவு

என் புருஷனின் செத்தவீட்டுக்கு வந்த சனத்தை முற்றத்துக்கு விரட்டிவிட்டுக் கதவைப் பூட்டினவள் என்று துறைமுகப் பக்கத்தில் என்னைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள். ஓம், விரட்டினேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். என்றாலும் என் கதையை மற்றவர்கள் வாயில் விட்டுவைக்க எனக்கு விருப்பம் இல்லை.

அப்போது என் மகளுக்கு முப்பது தாண்டியிருந்தது. அவளுக்கு ஓட்டிசம். டொக்டர் அந்தப் பெயரைச் சொன்னபோது அவள் வளர்ந்த பெண்ணாகிவிட்டாள். அதற்கு முன்னம் ஊர் வைத்த பெயர்களை எழுதி இந்தக் கடதாசியை நான் அழுக்காக்க மாட்டேன். எங்களுக்குச் சாதாரணமான சத்தம் அவளுக்கு மண்டைக்குள் ஆணி இறங்குகிற மாதிரி. வாசனையும் வெளிச்சமும் அப்படித்தான். அதனால் எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது வெளியில். சட்டைக் கழுத்தில் தைத்திருக்கிற துண்டை வெட்டிவிட்டுத்தான் அவளுக்குக் கொடுப்பேன். சொல்லிவிட்டுத் தொட வேண்டும், தொட்டால் தடவாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். புருஷன் இழுவைப் படகில் எஞ்சின் வேலை செய்தவர். அங்கே போடுகிற பெரிய காதுமூடி ஒன்றை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவள் கடைக்குப் போவாள், மாதா கோயில் பூசைக்கும் போவாள்.

அவர் திடீரென்று போய்விட்டார். மறுநாள் காலையில், சவத்தைக் குளிப்பாட்டி உடுத்துகிற மலர்ச்சாலைக்காரர் அவரைப் பெட்டியில் கொண்டுவந்து நடு அறையில் வைத்தார்கள். பின்னேரம் அடக்கம். குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்த மகளிடம், அப்பா செத்துப்போனார் என்று சொன்னேன்.

“பாக்கோணும்” என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். கண்ணால் காணாத ஒன்றை அவள் ஏற்க மாட்டாள். முகத்தைக் காணாமல் அவரை மண்ணுக்குள் அனுப்பினால் என்ன சொல்லி அவளைத் தேற்றுவது?

ஆனால் நடு அறையில் என்ன இருந்தது தெரியுமா? ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக் கதறுகிற பெண்கள், சாம்பிராணி, கூடை கூடையாக மல்லிகை, தலைக்கு மேலே கிரீச்சென்று சுற்றுகிற ஃபேன், சவத்தின் மேல் போத்தல் கணக்கில் ஊற்றின ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர். எனக்கே தலை சுற்றியது. காதுமூடியைப் போட்டு அவளை வாசல் வரைக்கும் கூட்டிவந்தேன். ஒரு அடி வைத்திருப்பாள். மூதூரிலிருந்து வந்திருந்த என் மச்சாள், அவருடைய அக்கா, “என்ர தம்பி பெத்த செல்வமே!” என்று பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டா. மற்றப் பெண்களும் மேலே விழுந்தார்கள். பிள்ளை அலறிக்கொண்டு தலையைச் சுவரில் அடித்தாள். பிடுங்கிக்கொண்டு ஓடி அறைக்குள் புகுந்து கட்டிலுக்குக் கீழே படுத்துவிட்டாள்.

மச்சாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னா: “பாத்தீங்களே! தகப்பன்ட சவம் நடுவீட்டில கிடக்கு, மகள் காதில பாட்டுப் போட்டுக்கொண்டு வாறாள்!”

“அது பாட்டில்ல மச்சாள். உங்கட சத்தம் கேக்காமல் இருக்கத்தான் போட்டது.”

“வாய்க்கு மட்டும் குறைவில்ல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுப் படுக்க விடு அவளை. அடக்கமாவது ஒழுங்கா நடக்கட்டும்.”

“ஊசி வேணுமெண்டா நீங்கள் போடுங்கோ. நான் கேக்கிறது கொஞ்ச நேரம். எல்லாரும் வெளியில போங்கோ, பிள்ளை தகப்பனைப் பாக்கட்டும்.”

“வெயிலுக்குள்ள வந்தது உன்ர முற்றத்தில குந்தவோ?”

“குந்தவேண்டாம். நில்லுங்கோ.”

யாரும் அசையவில்லை. கதிரைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியில் வைத்தேன். கதிரை போனால் ஆட்களும் போவார்கள். மச்சாளைக் கடைசியாகக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் முற்றத்தில் விட்டேன். பிறகு கதவைப் பூட்டினேன்.

ஃபேனையும் லைட்டையும் நிறுத்தினேன். மெழுகுதிரிகளை ஊதி அணைத்தேன். பூவையும் சாம்பிராணிச் சட்டியையும் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். ஈரத்துணியில் அவர் வழக்கமாகக் குளிக்கிற சவர்க்காரத்தைத் தேய்த்து, முகத்திலும் கழுத்திலும் இருந்த ஓடிக்கொலோனைத் துடைத்தேன். மலர்ச்சாலைக்காரர் அவர் கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குக்கூட அவர் அப்படி ஒன்று போட்டதில்லை. இரண்டையும் கழற்றினேன். அந்தக் கைகளைத்தான் என் பிள்ளைக்குத் தெரியும்.

வாசனை போகும்வரை பின்பக்க ஜன்னல்களைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். பிறகு போய்ச் சொன்னேன், “இப்ப வரலாம்.”

வந்தாள். அழவில்லை. முதலில் குனிந்து மணந்து பார்த்தாள். நகத்துக்குள் இருந்த எஞ்சின் கறுப்பைப் பார்த்தாள், விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். கண்ணிமையைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியில் வாகனம் வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள். எங்கள் கோயில் பாதரின் குரல் கேட்டது: “அம்மா, நேரமாகுது.”

“பாதர், பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள்.”

அவர் வாகனக்காரரைப் பொறுக்கச் சொன்னது கேட்டது. மச்சாள் பொறுக்கவில்லை. “திறவடி! நீ என்ன பேய்ப் பிறவியே?” என்று கதவை உலுப்பினா. மகள் காதுமூடியைக் கையால் இறுக்கிக்கொண்டாள், ஆனால் ஓடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பா எழும்ப மாட்டார்” என்றாள். பிறகு, “மூடுங்கோ.”

மூடியை நான் ஒருத்தியே தூக்கி, சத்தம் வராமல் மெல்ல வைத்தேன். மகள் அதன்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். கதவைத் திறந்தேன்.

மச்சாள் உள்ளே வந்து மூடின பெட்டியைக் கண்டா. “ஐயோ, கடைசி முத்தம் குடுக்கேல்லையே! திற! என்ர தம்பியைத் திறந்து காட்டு!”

“காலமையில இருந்து குடுத்தனீங்கள்தானே மச்சாள். அவளுக்கு இப்பதான் கிடைச்சது.”

திறக்க வேண்டுமென்றால் என் மகளின் கைகளை விலக்க வேண்டும். நான் நடுவில் நின்றேன். எங்களைத் தாண்டி வர யாருக்கும் துணிவு வரவில்லை. எனக்கு இரக்கம் இல்லை என்று அன்று சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். மகள் தானாகக் கைகளை எடுத்து என் பக்கம் வந்து நின்ற பிறகுதான், பெட்டி தூக்க வந்த ஆட்களைப் பார்த்து நான் தலையாட்டினேன்.