பத்து ஞாயிற்றுக்கிழமை நாடகம்

மொத வாரமே அந்த நாடகம் எனக்கு எரிச்சல். ஏதோ வெளிநாட்டு நாடகத்தத் தமிழ்ல பேசவச்சுப் போட்டாங்க. ஒரு ஏரி, சுத்தி மரம், ஊரு பூரா பனி. ஒருத்தி கதவத் தெறக்குறா, வெளிய பாக்குறா, பாத்துக்கிட்டே நிக்கிறா. அதுக்குள்ள நான் ஒரு ஒல சோறு வடிச்சிருவேன். காலேஜ் படிக்கிற அவ மகளக் காணோம். போலீஸ்காரன் ஒருத்தன் வந்து காப்பி குடிச்சிட்டுப் போறான். அன்னைக்குக் கதை அம்புட்டுத்தான்.

"பனியப் பாக்கணும்னா கதவத் தெறந்தா எங்க வில்பட்டி மலை பூராக் கெடக்கு, இதுக்கு டிவி வேறயா?"ன்னேன். "அந்தப் புள்ள அந்த ஏரிக்குள்ளதான் செத்துக் கெடக்கும். இதப் பத்து வாரம் இழுக்கப் போறாங்களாம்"னும் சொன்னேன். என் வாய் அப்பிடி. என் வீட்டுக்காரரு, "பேசாம இரு புள்ள, கெடச்சிருவா"ன்னாரு.

எந்திரிச்சுப் போகவும் வழியில்ல. அவருக்கு ஈரல்ல கட்டி. மதுரை டாக்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி பிரியப்பட்டதக் குடுங்கன்னு அனுப்பிட்டாரு. ரெண்டு மாசம்னு என்கிட்ட மட்டும் தனியாச் சொன்னாரு. தலகாணிய அண்டக்குடுத்தா மனுசன் சரிஞ்சு விழுந்துருவாரு. நான் பக்கத்துல உக்காந்து தோளக் குடுத்தாத்தான் அவருக்கு டிவி தெரியும். ஞாயித்துக்கெழம மூணு மணிலருந்து நாலு மணி வரைக்கும் நான்தான் தலகாணி. காட்டுல பிடுங்குன பூண்டு வீடு பூரா குமிஞ்சு கெடக்கும். அதத் தண்டும் தாளுமாக் கத்தை கட்டி அடுப்புப் பொகையில தொங்கவிடணும். சும்மா இருக்குற கையால கட்டிக்கிட்டே அந்த அழுமூஞ்சி நாடகத்தப் பாத்தேன்.

ரெண்டாம் வாரம் தூங்கிட்டேன். மூணாம் வாரம் அந்தப் போலீஸ்காரனத் திட்டிக்கிட்டே இருந்தேன். வெரசாத் தேடுறானா பாரு, மாமியா வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் மாதிரி நடக்குறான்னு. அவரு சிரிச்சாரு. சிரிச்சா வயித்துல வலிக்கும், அதனால நிறுத்திக்கிட்டேன்.

அஞ்சாம் வாரம் அந்த அம்மாக்காரி மகளோட ஸ்வெட்டரத் தொவச்சு அடுப்புப் பக்கம் காயப்போட்டா. பேச்சே இல்ல. மறுநா தொட்டுப் பாக்குறா, ஈரம். திருப்பிப் போடுறா. அதுக்கு மறுநா மோந்து பாக்குறா, ஈர வாடை. திரும்பவும் தொவைக்கிறா. இந்த மலையில பொழைக்கிறவளுக்கு அது தெரியும். பனி மாசத்துல கம்பளி காயாது. அவரோட ஸ்வெட்டரு அன்னைக்கும் எங்க அடுப்புக்கு மேலதான் கெடந்துச்சு. கையில இருந்த பூண்டு அப்பிடியே நின்னுபோச்சு. விளம்பரம் வந்தப்பத்தான் நான் அழுகுறதே எனக்குத் தெரிஞ்சுச்சு.

அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு நானே காத்துக் கெடந்தேன். வெள்ளனே எந்திரிச்சு எல்லாச் சோலியும் முடிச்சு, ரெண்டரைக்கெல்லாம் அவரு பக்கத்துல போயி உக்காந்துருவேன். அந்தப் புள்ள உசுரோட வந்துரணும்னு முருகனுக்கு நேந்துக்கிட்டேன். ஒரு நாடகத்துக்கு நேந்துக்கிட்ட கிறுக்கி நானாத்தான் இருப்பேன்.

ஆறாம் வாரம் திருப்பூருலருந்து மக வந்தா. "அப்பா, முழு நாடகமும் போன்லயே இருக்கு, இன்னைக்கே முடிவு வரைக்கும் பாத்துரலாம்"னா. எனக்கு மனசு அடிச்சுக்கிருச்சு. டாக்டரு சொன்ன கணக்குக்கு எட்டு வாரந்தான் வருது, நாடகம் பத்து வாரம். பாத்துருங்கன்னு கெஞ்சுனேன், மெரட்டுனேன். அவரு அசையல.

"எல்லாத்தையும் இன்னைக்கே பாத்துட்டா அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு நான் என்னத்தப் புள்ள பண்ண?"ன்னாரு. மக எந்திரிச்சு வெளிய போயிட்டா.

எட்டாம் வாரம் கண்ணத் தெறந்துதான் இருந்தாரு, படம் அவருக்கு வெளங்குச்சான்னு தெரியல. செவ்வாக்கெழம போயிட்டாரு.

எடுத்து முடிச்சு வந்ததும் எங்க நாத்தனா டிவியச் செவுத்தப் பாத்துத் திருப்பி வச்சுட்டா. பதினாறாம் நாள் காரியம் முடியிற வரைக்கும் எங்க பக்கம் டிவி போடக் கூடாது. அதுவரைக்கும் நாங்க அடுத்த வீட்டு வாசப்படியும் மிதிக்கக் கூடாது. ஒம்பதாம் வாரம் அப்பிடியே போச்சு. மக அவ செல்போன எடுத்து நீட்டுனா. அவரு வேண்டாம்னு சொன்னதுல பாக்க எனக்கு மனசு வரல.

பத்தாம் வாரம், பதிமூணாம் நாளு, மூணு மணி. வீடு பூரா சொந்தக்காரங்க. கொல்லைக்குப் போறேன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டு சன்னலுக்கு வெளிய போயி நின்னேன். கண்ணாடி பூராப் பனி. முந்தானையால தொடச்சுத் தொடச்சுப் பாத்தேன். உள்ள இருந்தவ என்னயப் பாத்துட்டா. வான்னு கூப்பிட முடியாது, போன்னும் சொல்லல. டிவி இருந்த மேசையச் சன்னலப் பாக்க இழுத்துப் போட்டுச் சத்தத்தக் கூட்டிவிட்டா. சத்தம் வைக்கிற சாக்குல அவளும் அங்கயே நின்னுக்கிட்டா.

போலீஸ்காரன் வந்து கதவத் தட்டுனான். தொப்பியக் கையில வச்சிருந்தான். அந்தப் புள்ள ஏரிக்குள்ளதான் கெடந்துச்சு, மொத நாள்லருந்தே. அம்மாக்காரி கேட்டுக்கிட்டு நின்னா. அப்பறம் உள்ள போயி அந்த ஸ்வெட்டர மடிச்சு எடுத்துட்டு வந்து அவன் கையில குடுத்தா, புள்ளைக்குப் போட்டுவிடச் சொல்லி. பாட்டு வந்துச்சு, பேரு ஓடுச்சு, முடிஞ்சுபோச்சு.

எனக்கு அழுகை வரல. அம்புட்டுக் கோவம் வந்துச்சு, வேற யாரு மேலயும் இல்ல, அவரு மேல. முடிவு என்னன்னு அந்த மனுசனுக்கும் மொத வாரமே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே கெடச்சிருவா கெடச்சிருவான்னு என் தோள்ல சாஞ்சு எட்டு வாரம் ஓட்டிட்டு, என்னையும் நம்பவச்சுட்டு, முடிவப் பாக்குற வேலைய மட்டும் என் தலையில கட்டிட்டுப் போயிட்டாரு.