நஸீரா மன்ஜில்

கீழக்கரையில் புகுந்த வீடு ஆம்பளைக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியோடு பொண்டாட்டி வீட்டுக்கு வந்துவிடுவார். நஸீராவுக்கு அவள் வாப்பா கட்டிக்கொடுத்த வீட்டின் நெற்றியில் 'நஸீரா மன்ஜில்' என்று சிமெண்டில் பதித்திருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஆட்டுக்குட்டி உயரம். கப்பலில் போகிறவனும் எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். புருஷன் ஜாபர் சாதிக் துபாயிலிருந்து லீவில் வந்தால், அதற்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துவிட்டுத்தான் பிரியாணியிலேயே கை வைப்பார்.

அந்த வீட்டுக்காரி, மகளின் பழைய நோட்டுகளில் மிச்சமிருந்த தாள்களில் கதை எழுதினாள். புருஷன் வந்தால் நோட்டெல்லாம் அரிசி டிரம்முக்குள் போய்விடும். பதினோரு வருஷத்தில் டிரம்மில் அரிசியைவிடக் கதைதான் அதிகம்.

தன் வீட்டுக்கே விருந்தாளியாக லீவில் வந்துபோகும் ஒரு மனுஷனைப் பற்றி அதில் ஒரு கதை. மகள் மர்வா அதைப் போட்டோ எடுத்து மதுரைப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டாள். "போடுகிறோம். எந்தப் பெயரில்? நாளைக்குள் சொல்லுங்கள்" என்று பதில் வந்ததும் நஸீராவுக்குக் குளிர்காய்ச்சலே கண்டுவிட்டது. அந்த ஊரில் கதையைக் கதையாக வாசிக்கமாட்டார்கள். யார் வீடு என்று ஜன்னலை எண்ணுவார்கள்.

மர்வா எம்.ஏ. வரலாற்றுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். "உம்மா, இதக் கேளு. சீனாவுல ராஜா காலத்துல, எழுதுனது வெளிய போனா மானக்கேடுன்னு தங்களோட கவிதையத் தாங்களே எரிச்ச பொம்பளைக இருந்திருக்காளுக."

நஸீரா அடுப்பைப் பார்த்தாள். அதை அணைத்துவிட்டுப் புருஷனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். "எழுது புள்ள, வேணாங்கல. பேரு மட்டும் எம்பேரப் போட்டுக்க."

"நீங்க மளிகைச் சீட்டையே ஒம்பது தப்போட எழுதுவியளே மச்சான்."

"வெளையாடாத. உம்பேரு ஊர் வாயில விழணுமா?"

"வாசல்ல ஆட்டுக்குட்டி ஒசரத்துக்கு எம்பேருதான் நிக்கிது. வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கிறது யாரு?"

"அது வீடு."

"அதாச்சும் எங்க வாப்பா கட்டுனது. இது நான் கட்டுனது."

போன் கட்டாகிவிட்டது. சிக்னலா கோபமா என்று துபாய்க்காரர்கள் யாரும் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. நஸீரா தன் பெயரையே டைப் செய்து பத்திரிகைக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் துபாயிலிருந்து வரும் போன், பத்தொன்பது வருஷமாகப் புயலுக்கும் நிற்காதது, அந்த வாரம் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

"மர்வா, அந்தச் சீனாக்காரிகள்ல எரிக்காதவளுக என்ன ஆனாளுக?"

மர்வா பக்கத்தைப் புரட்டினாள். "அத இன்னும் படிக்கல உம்மா. பரீட்சைக்கு இம்புட்டுத்தான்."

நஸீரா போனை எடுத்து, மணிச் சத்தம் கூட்டித்தான் இருக்கிறதா என்று மறுபடியும் பார்த்தாள்.